தம்பிக்குத் தர மாட்டேங்கறானா? படப் புத்தகத்தை எடுங்கள்!

"டாக்டர், இவன் எதையும் யாருக்கும் தர மாட்டேங்கறான். தம்பி பக்கத்துல வந்தாலே தள்ளி விடறான். எதிர் வீட்டுக் குழந்தை இவன் பொம்மையைத் தொட்டா கடிச்சு வெச்சுடறான். இதுக்கு ஏதாவது சூரணம், லேகியம் இருக்கா?"

சளிக்கும் மாந்தத்துக்கும் மருந்து வாங்க வருகிற தாய்மார்கள், பேச்சோடு பேச்சாக இதையும் கேட்டுவிடுகிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிலருக்குக் கண் கலங்கிவிடும். ‘சுயநலக்காரப் பிள்ளையைப் பெத்துட்டோமோ’ என்கிற பயம் அந்தக் குரலில் இருக்கும்.

லேகியம் கிடையாது. என் மருத்துவ அறைக்கு வெளியே, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி வைத்திருக்கிறேன். அதில் முழுக்கக் குழந்தைகள் படப் புத்தகங்கள். யானையும் எலியும், புறாவும் மீனும் சேர்ந்து வேலை செய்கிற, பங்கு போட்டுச் சாப்பிடுகிற கதைகள்தான் அதிகம். மேலே சொன்ன கேள்வியைக் கேட்கும் தாய்க்கு அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். ஆனால் கூடவே பத்து நிமிஷம் பேசித்தான் அனுப்புவேன். ஏனென்றால் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும், பிள்ளை மாறிவிடும் என்று நினைப்பது, மருந்துச் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு ஜுரம் இறங்கக் காத்திருப்பது மாதிரி. அந்தப் பத்து நிமிஷப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

‘என்னோடது’ என்பது நோய் அல்ல

இரண்டு வயதுக் குழந்தை வாய்க்கு வாய் ‘என்னோடது’ என்கிறதா? கவலையே வேண்டாம். ‘நான்’ என்று தனியாக ஓர் ஆள் இருப்பது அதற்கு இப்போதுதான் பிடிபடுகிறது. ‘நான்’ தெரிந்த பிறகுதான் ‘என்னோடது’ தெரியும். ‘என்னோடது’ எது என்று உறுதியான பிறகுதான் ‘இந்தா, உனக்கு’ என்று நீட்ட முடியும். கையில் இல்லாததை யாராலும் கொடுக்க முடியாது அல்லவா?

1932-ல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாலர் பள்ளிக் குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பொறுமையாக உட்கார்ந்து கவனித்து எழுதினார். சின்னக் குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரே மாதிரி பொம்மையைக்கூட வைத்திருப்பார்கள், ஆனால் அவரவர் விளையாட்டு அவரவருக்கு. வயது ஏறஏறத்தான் ‘நீ இதைச் செய், நான் அதைச் செய்யறேன்’ என்று சேர்ந்து விளையாடுவது கூடுகிறது. நம் பாட்டிமார்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கைக்குழந்தைகளை ஒரே பாயில் விட்டாலும் ஆளுக்கொரு கிலுகிலுப்பை போடுவார்கள்.

ஆனால் ஒரு ஆச்சரியம் உண்டு. பங்கு போடுவதற்கு முன்பே குழந்தைக்கு உதவி செய்யத் தெரிந்துவிடுகிறது. 2006-ல் ஜெர்மனியில் வார்னகன், டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் துணி காயப் போடும்போது கிளிப் கை தவறிக் கீழே விழுகிறது. எட்டி எடுக்க முடியாமல் தவிக்கிறார். குழந்தையை யாரும் ‘எடுத்துக் கொடு’ என்று சொல்லவில்லை. மிட்டாயும் தரவில்லை. பல குழந்தைகள் தாமாகவே தத்தித் தத்திப் போய் கிளிப்பை எடுத்துக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் துடைப்பத்தை இழுத்துக்கொண்டு அம்மா பின்னாலேயே நடக்கும் குழந்தையைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முறை இது. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குப் ‘பகிர்ந்து கொள்’ என்று சொல்லும் கதை வேண்டாம். ‘சேர்ந்து செய்’ என்கிற கதைதான் வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இழு, இழு, இன்னும் இழு!

என் தலைமுறையினருக்கு ரஷ்யப் படப் புத்தகங்கள் நினைவிருக்கும். கெட்டி அட்டை, பளபளக்கும் தாள், பெரிய பெரிய வண்ணப் படங்கள். சோவியத் நாட்டில் தமிழிலேயே அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக ஊர் ஊராக வந்து சேரும். விலை ரொம்பக் குறைவு. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது.

அந்த ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் ஒன்று, தாத்தா நட்ட டர்னிப் கிழங்கின் கதை. கிழங்கு பெரிதாக, ரொம்பப் பெரிதாக வளர்ந்துவிடுகிறது. தாத்தா இழுக்கிறார், வரவில்லை. பாட்டியைக் கூப்பிடுகிறார். பாட்டி பேத்தியைக் கூப்பிடுகிறாள். பேத்தி நாயை, நாய் பூனையை. அப்போதும் அசைய மாட்டேன் என்கிறது. கடைசியில் பூனை போய் எலியைக் கூப்பிடுகிறது. எலியும் சேர்ந்து இழுத்ததும் கிழங்கு வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. 19-ஆம் நூற்றாண்டில் அஃபனாஸியெவ் என்பவர் தொகுத்த ரஷ்யக் கதைகளிலேயே இது இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ ஓவியர்கள் படம் போட்டுவிட்டார்கள்.

சின்னக் குழந்தைக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரிந்து இல்லை. காரணம் சொல்கிறேன். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் மட்டும் கூடுகிறார். மூன்றாவது தடவையிலேயே குழந்தை நமக்கு முன்னால் சொல்ல ஆரம்பித்துவிடும். அடுத்து, நாயும் பூனையும், பூனையும் எலியும் ஒன்றையொன்று துரத்துகிறவை. அவை ஒரே வரிசையில் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்து நிற்கும் படத்தைப் பார்த்ததும் குழந்தைக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பிலேயே பாடம் உள்ளே போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியில் வந்து காரியத்தை முடிப்பது எலி. வீட்டிலேயே மிகச் சின்னவர். ‘உன்னால என்ன ஆகும், தள்ளிப் போ’ என்று எப்போதும் சொல்லப்படுகிறவர். இரண்டரை வயதுக் குழந்தை அந்த எலி யார் என்று கேட்காமலே தெரிந்துகொள்ளும்.

இந்தக் கதையைப் படிப்பதோடு நிறுத்த வேண்டாம். கட்டிலில் கிடக்கும் தலையணையைக் கிழங்காக வையுங்கள். தாத்தா, பாட்டி, அக்கா, அப்பா என்று வீட்டில் இருப்பவர்கள் வரிசையாக நின்று ‘ஐலசா’ போட்டு இழுக்கட்டும். குழந்தை கடைசியில். சேர்ந்து ஒரே தாளத்தில் அசைவதில் ஏதோ இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதக் குழந்தைகளை இசைக்கு ஏற்பத் தூக்கித் தூக்கி ஆட்டி ஒரு சோதனை செய்து 2014-ல் வெளியிட்டார்கள். எதிரே நின்றவர் குழந்தையோடு ஒரே தாளத்தில் ஆடினால், பிறகு அவர் கையிலிருந்து விழுந்த பொருளை அந்தக் குழந்தை எடுத்துக் கொடுப்பது அதிகமாக இருந்தது. தாளம் தப்பி ஆடியவருக்கு அந்த அளவு உதவி கிடைக்கவில்லை. நாற்று நடும் பெண்களும் தேர் இழுப்பவர்களும் ஏன் பாட்டும் கூச்சலுமாக வேலை செய்தார்கள் என்பது இப்போது புரிகிறதா?

பத்து ஸ்டிக்கர்

இனி, பங்கு போடும் கதைகளுக்கு வருவோம். நான்கு வயதுக்கு மேல் இவை பொருந்தும். ஆனால் இங்கே ஒரு சிக்கல்.

கனடாவிலேயே டொரண்டோ பல்கலைக்கழகத்தில் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகள் சுமார் நூறு பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. முதலில் குழந்தைகளுக்குப் பத்து ஸ்டிக்கர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ‘ஸ்டிக்கர் கிடைக்காத இன்னொரு குழந்தை இருக்கிறது, வேண்டுமானால் அதற்குக் கொஞ்சம் தரலாம்’ என்று சொல்லி, எத்தனை தருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். பிறகு கதை வாசித்தார்கள். ஒரு குழுவுக்கு, ரக்கூன் என்ற அமெரிக்கக் காட்டு விலங்கின் குட்டி பகிர்ந்துகொள்ளக் கற்கும் கதை. இரண்டாவது குழுவுக்கு அதே கதை, ஆனால் படத்தில் ரக்கூனுக்குப் பதில் மனிதக் குழந்தைகள். மூன்றாவது குழுவுக்கு விதைகளைப் பற்றிய ஒரு புத்தகம். மறுபடி ஸ்டிக்கர் சோதனை.

மனிதக் குழந்தைகள் வந்த கதையைக் கேட்டவர்கள் முன்னைவிட அதிகம் கொடுத்தார்கள். ரக்கூன் கதை கேட்டவர்கள் கொடுத்தது கூடவில்லை. முன்னைவிடக் குறைந்துதான் போனது, விதைப் புத்தகம் கேட்டவர்களைப் போலவே!

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு தகப்பனார் என்னிடம், "அப்போ நீங்க வெச்சிருக்கிற யானைக் கதை, புறாக் கதை எல்லாம் வேஸ்ட்தானே சார்?" என்றார். இல்லை. அந்த ஆய்விலேயே இன்னொரு விவரம் இருக்கிறது. மிருகங்களும் நம்மைப் போல நினைக்கும், உணரும் என்று எந்தக் குழந்தைகள் கருதினார்களோ, அவர்கள் ரக்கூன் கதை கேட்டபின் மற்றவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். ரக்கூனுக்கும் தனக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிற குழந்தைக்குக் கதை போய்ச் சேருகிறது. பாலம் இல்லாத குழந்தைக்கு அது வெறும் கார்ட்டூன். அந்தப் பாலத்தைப் போட வேண்டியது யார்? மடியில் வைத்து வாசிக்கிற நீங்கள்தான்.

எப்படிப் போடுவது என்பதற்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சீலியா பிரவுனல் குழுவினர் 2013-ல் வெளியிட்டது. ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையிலான குழந்தைகளோடு பெற்றோர் படப் புத்தகம் பார்க்கும்போது என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தார்கள். சீக்கிரமாகவும் அடிக்கடியும் பகிர்ந்துகொண்ட குழந்தைகளின் பெற்றோர் என்ன செய்தார்கள் தெரியுமா? படத்தில் இருப்பவரின் மனநிலையைப் பற்றிக் குழந்தையையே பேச வைத்தார்கள். பெற்றோர் தாமே விளக்கிக்கொண்டு போனதற்கும் குழந்தையின் குணத்துக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. ‘பாரு, முயல் எவ்வளவு நல்ல பிள்ளை, நீயும் அப்படி இருக்கணும்’ என்று நாம் வழக்கமாக அடிக்கிற லெக்சர் இருக்கிறதே, அதை மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

அதற்குப் பதில் கேள்வி. ‘முயல் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?’ ‘கரடி மட்டும் தின்னுட்டா அணிலுக்கு எப்படி இருக்கும்?’ குழந்தை பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இதுதான் பெரியவர்களுக்கு மிகக் கஷ்டம். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும். ஐந்தாறு கேள்வி கேட்டால் அது டியூஷன் ஆகிவிடும், குழந்தை இறங்கி ஓடிவிடும். ஒருநாள் கதை முடிந்து மறுநாள், எதிர் வீட்டுக் குழந்தை வாசலில் நின்று இவன் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, ‘அன்னிக்கு அணில் மூஞ்சி எப்படி இருந்துச்சு?’ என்று கேளுங்கள். பாலம் அப்படித்தான் விழும்.

செதிலைப் பிய்த்துக் கொடுத்த மீன்

எல்லாப் படக்கதையும் நல்ல கதை என்று நான் சொல்ல மாட்டேன். மார்க்கஸ் ஃபிஸ்டர் என்ற சுவிட்சர்லாந்து ஓவியர் 1992-ல் வெளியிட்ட ‘வானவில் மீன்’ உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்ற புத்தகம். பளபளக்கும் செதில்கள் உள்ள ஓர் அழகான மீன். மற்ற மீன் ஒன்று ஒரு செதிலைக் கேட்கிறது. இது தர மறுக்கிறது. அதன் பிறகு யாரும் இதோடு பேசுவதில்லை. ஆக்டோபஸ் பாட்டியிடம் யோசனை கேட்கப் போனால், ‘ஒவ்வொருவருக்கும் ஒரு செதில் கொடு’ என்கிறது. கொடுத்ததும் எல்லோரும் நண்பர்களாகிவிடுகிறார்கள். படங்களில் நிஜமாகவே மினுமினுக்கும் தகடு ஒட்டியிருப்பார்கள். குழந்தைகள் மயங்கித்தான் போவார்கள்.

எனக்கு இதில் ஒரு நெருடல். செதில் என்பது பொம்மை அல்ல, அந்த மீனின் உடம்பு. உன் உடம்பிலிருந்து பிய்த்துக் கொடு, இல்லாவிட்டால் உன்னோடு பேச மாட்டோம் என்று கூட்டமாகச் சேர்ந்து ஒதுக்கி வைப்பது சரிதானா? வெளிநாடுகளிலும் பல பெற்றோர், ஆசிரியர்கள் இதே கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள். ‘உன் உடம்பு உன்னுடையது, பிடிக்காததைச் செய்யச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லலாம்’ என்று நாம் பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டிய காலம் இது. இந்தப் புத்தகம் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தையோடு படித்துவிட்டு, ‘மீன் செதிலைத் தரலைன்னாலும் அதோட விளையாடலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘விளையாடலாமே!’ என்றுதான் பதில் வரும்.

சவலைப் பிள்ளையின் துக்கம்

ஆரம்பத்தில் சொன்ன தாயின் கேள்விக்குத் திரும்புகிறேன். ‘தம்பி வந்தாலே தள்ளி விடறான்.’ இங்கே விஷயம் பொம்மை அல்ல.

தமிழில் ‘சவலைப் பிள்ளை’ என்று ஒரு சொல் உண்டு. தாய் அடுத்த பிள்ளையைச் சுமந்ததும் பால் குறைந்து, மடி இழந்து, மெலிந்து, எப்போதும் சிணுங்கிக்கொண்டே இருக்கும் மூத்த குழந்தை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் படித்த காலத்தில் இந்தச் சொல்லை ஒரு நோயின் பெயராகத்தான் நானும் படித்தேன். 1930-களில் ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், அதாவது இன்றைய கானாவில், டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி குழந்தைகளுக்கு வருகிற ஒரு வீக்க நோயைக் கவனித்தார். அந்த ஊர் மக்கள் அதற்கு வைத்திருந்த பெயரையே 1935-ல் மருத்துவ உலகுக்கு எழுதினார். குவாஷியார்கர். கா என்ற அவர்கள் மொழியில், அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று அர்த்தம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாய்மார்கள் ஒரே விஷயத்தைக் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்!

நடுத்தர வீடுகளில் இன்று மூத்த குழந்தைக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் மடி போனது போனதுதான். மூன்று நான்கு வருஷம் தனக்கே தனக்கு என்று இருந்த அம்மாவைப் பங்கு போடச் சொல்கிறோம். பெரியவர்களில் எத்தனை பேரால் அது முடியும்? சரியாகச் சாப்பிடாமை, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, காரணமில்லாத வயிற்று வலி என்று அந்தக் குழந்தை வரும். மலத்தில் பூச்சி இருக்கிறதா, இரத்தம் குறைவா, சிறுநீரில் கோளாறா என்று முதலில் பார்த்துவிட வேண்டியதுதான். அதெல்லாம் சரியாக இருந்தால், நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சின்னதுக்கு நீங்க பால் கொடுக்கும்போது பெரியவன் எங்கே இருப்பான்?"

பெரும்பாலும் பதில், "அப்பதான் சார் ஜாஸ்தி சேட்டை பண்ணுவான். ரூமுக்கு வெளியே அனுப்பிடுவோம்" என்பதாக இருக்கும்.

அனுப்பாதீர்கள். பால் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடை வையுங்கள். அதில் ஐந்தாறு படப் புத்தகம். அந்த நேரத்தில் மட்டும் எடுக்கும் புத்தகம். சின்னது ஒரு பக்கம் பால் குடிக்கட்டும், பெரியவன் இன்னொரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டட்டும். அம்மாவுக்குக் கை ஒழியாது, ஆகையால் புரட்டும் வேலை அவனுடையது. கிழங்குக் கதையாக இருந்தால் ‘இழு’ சொல்லும் வேலையும் அவனுடையதே. பால் கொடுக்கும் நேரம் தன்னிடமிருந்து பிடுங்கப்பட்ட நேரம் என்பது மாறி, கதை நேரம் என்று ஆகிவிடும். இதை ஒரு மாதம் விடாமல் செய்த வீடுகளில், படுக்கை நனைவது குறைந்ததாகத் தாய்மார்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். புட்டிப் பால் கொடுக்கும் வீட்டிலும் இதே முறைதான்.

இன்னொன்று. ‘அவன் சின்னப் பையன், நீ கொடுத்துடு’ என்று எப்போதும் மூத்ததையே விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். சின்னது வளர்ந்து பத்து வயதானாலும் சின்னதாகவேதானே இருக்கும்! ‘உன் முறை முடிஞ்சதும் கொடு’ என்பது நியாயம். பிடுங்கிக் கொடுப்பது நியாயம் இல்லை. யாரோடும் பங்கு போட வேண்டாத பொருள் என்று ஒன்றிரண்டு, ஒரு கரடி பொம்மையோ பழைய போர்வையோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடலை மிட்டாய் ஆபத்து

படக்கதை வாசிக்கும் எல்லாப் பெற்றோரும் இதைக் கவனமாகப் படியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நான்கு வயதுப் பெண். அணிலும் முயலும் கொட்டையைப் பங்கு போடும் கதையை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். ஒருநாள் கடலை மிட்டாயைப் பாதியாக உடைத்து, தொட்டிலில் கிடந்த ஏழு மாதத் தம்பி வாயில் அன்போடு வைத்துவிட்டாள். பாட்டி பார்த்துவிட்டதால் பிழைத்தது. குழந்தை முகம் சிவந்து இருமிக்கொண்டிருந்தது, துண்டு வெளியே வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு விழுந்தது ஓர் அடி. பாவம், அவள் செய்தது என்ன? நாம் சொன்னதைத்தான் செய்தாள்.

முழுக் கடலை, பொரிகடலை, திராட்சைப் பழம், சோளப்பொரி இவையெல்லாம் சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைக்கக் கூடியவை. நான்கு வயது வரை முழுக் கடலை கொடுக்கவே கூடாது. ஒரு வயது முடியும் முன் தேனும் வேண்டாம். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், நாக்கில் தடவுவதுகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளை முடக்கும் நஞ்சைக் கக்கும். ஆகவே கரடியும் குட்டிகளும் தேன் குடிக்கும் பக்கம் வந்தால் அங்கேயே ஒரு விதி போட்டுவிடுங்கள்: ‘பாப்பாவுக்குத் தின்ன ஏதாவது தர்றதா இருந்தா, முதல்ல அம்மாகிட்ட காட்டணும்.’ திட்டாமல், விளையாட்டு விதி மாதிரி சொல்லுங்கள். ஏதாவது தொண்டையில் சிக்கிவிட்டால், குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருக்கும் வரை இருமவே விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். இருமல் சத்தம் வராமல் மூச்சு முட்டினால், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கும்படி பிடித்து, முதுகில் இரண்டு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை தட்டிக்கொண்டே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். 108-க்குச் சொல்லிவிடுங்கள்.

அதேபோல் ஒரே துண்டு, ஒரே சீப்பு, ஒரே ஸ்பூன். படக்கதையில் அழகாக இருக்கும். வீட்டில் மெட்ராஸ் ஐ வந்திருக்கும்போதும், தலையில் பேன் இருக்கும்போதும் அதைப் பங்கு போட வேண்டியதில்லை. மருந்தும் அப்படியே. ‘எனக்கு இனிப்பு மருந்து, உனக்கும் ஒரு மூடி’ என்று அக்கா ஊற்றிக் கொடுத்த சிரப்பைக் குடித்துவிட்டு வரும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். மருந்து பாட்டில் கை எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

எந்தப் புத்தகம், எந்த வயதில்?

நான்கு ஐந்து வயதுக்கு லியோ லியோனி 1963-ல் எழுதி வரைந்த ‘ஸ்விம்மி’யைச் சொல்வேன். பெரிய மீன் ஒன்று கூட்டத்தையே விழுங்கிவிட, தப்பிய ஒரே ஒரு கறுப்பு மீன். பயந்து ஒளிந்திருக்கும் வேறொரு சிவப்பு மீன் கூட்டத்தைப் பார்த்து, எல்லோரும் ஒரு பெரிய மீனின் வடிவத்தில் நெருக்கமாக நீந்தலாம் என்று யோசனை சொல்கிறது. கறுப்பாக இருப்பதால் தான் கண்ணாக இருந்துகொள்கிறது. நிறம் குறைவு என்று சொந்தக்காரர்கள் வாயிலிருந்து கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிப் படம் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டாம். மற்ற மீனைப் போல மாறச் சொல்லாமலே சேர்த்துக்கொள்ளும் கதை இது. வானவில் மீனுக்கு நேர் எதிர்.

நம் பஞ்சதந்திரத்துப் புறாக்களையும் விட வேண்டாம். வலையில் மாட்டிய புறாக்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்காமல் ஒரே மூச்சில் எழும்பி வலையோடு பறக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எலி நண்பன் வலையை அறுக்க வரும்போது, புறாக்களின் அரசன் சித்திரக்ரீவன், முதலில் என் கூட்டத்தாரை விடுவி, என்னைக் கடைசியில் விடுவி என்று சொல்வான். ஆறு வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும். ‘ஏன் அப்படிச் சொன்னான்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சின்னச் சிவப்புக் கோழியின் கதை. கோதுமை விதைக்க, அறுக்க, மாவாக்க யாரும் உதவிக்கு வரவில்லை. ரொட்டி சுட்டதும் எல்லோரும் வருகிறார்கள். கோழி தானே தின்றுவிடுகிறது. கொடுத்திருக்க வேண்டுமா, வேண்டாமா? ஒரு வீட்டில் அண்ணன் ‘வேலை செய்யாதவங்களுக்குக் கிடையாது’ என்றான். தங்கை ‘குஞ்சுங்களுக்கு மட்டும் கொடுக்கலாம்’ என்றாள். தாத்தா ‘அடுத்த தடவை வேலைக்கு வருவேன்னு சொன்னா கொடுக்கலாம்’ என்றார். மூன்றுமே சரியான பதில். சண்டை வந்தால் வரட்டும்.

தமிழில் இப்போது படப் புத்தகத்துக்குப் பஞ்சம் இல்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, சென்னை தூலிகா, பிரதம் புக்ஸ் என்று நிறைய வருகின்றன. பிரதம் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை கையில் செல்போனாகக் கொடுக்காமல், முடிந்தால் அச்சிட்டுத் தைத்துக் கொடுங்கள். இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. குறைந்தால் நல்லது என்றும் அதே வரியில் இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் புத்தகம் வேண்டாம். படத்தைக் காட்டி வாயில் திணித்தால் பசி தெரியாமல் தின்னும் பழக்கம் வரும். இரவு படுக்கப் போகும் முன் கால் மணி நேரம் போதும். தலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விழட்டும். ஒரே கதையை இருபது நாள் கேட்டாலும் அலுத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்தைத் தாண்டிப் படிக்கவும் முயலாதீர்கள், கையும் களவுமாகப் பிடிபடுவீர்கள். படிக்கத் தெரியாத மூத்தது, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சின்னதுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தால், எலிக்குப் பதில் டைனோசர் வந்து கிழங்கை இழுத்தாலும் குறுக்கே போகாமல், பக்கத்து அறையில் உங்கள் வேலையைப் பாருங்கள்.